மடக்கு ஸ்ட்ரோலரும் பேபி கேரியரும்: ரஷ் அவர்ல எட்டு மாசம் யூஸ் பண்ணிப் பாத்த ரிவ்யூ

ஸ்ட்ரோலர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு இருபது ரிவ்யூவாவது படிச்சிருப்பேன், வீடியோவும் நிறைய பாத்தேன், எல்லாருமே வழவழன்னு இருக்குற தரையில நாலு ரவுண்டு ஓட்டிட்டு சூப்பர்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. காலையில எட்டரை மணி, மெட்ரோ பிளாட்ஃபார்ம்ல எள்ளு போட்டா எள்ளு விழாது, ஒரு கையில நாலரை வயசுப் பொண்ணு, இன்னொரு கையில பத்து மாசப் பையன், முதுகுல பை, கதவு மூடப்போற பீப் சத்தம் அடிக்குது, அந்த நேரத்துல இந்த வண்டி என்ன பண்ணும்னு ஒருத்தரும் சொல்லல. எனக்குத் தேவைப்பட்டது அதுதான், அதனால நானே எழுதுறேன்.

எங்க ரூட் இதுதான். வீட்லேர்ந்து மூணு ஸ்டாப் பஸ், அப்புறம் மெட்ரோ, நடுவுல ஒரு ஸ்டேஷன்ல இறங்கி லைன் மாறணும், கடைசியில பத்து நிமிஷ நடை. மூத்தவள ஸ்கூல்லயும் சின்னவன ஆபீஸ் பக்கத்துல இருக்குற க்ரெஷ்லயும் விட்டுட்டு நான் வேலைக்குப் போகணும். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பத்து நிமிஷம், சாயங்காலம் அதே தூரம் திரும்பி வரணும். இத வாரத்துல அஞ்சு நாள் எட்டு மாசமா பண்றேன். என் வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் டைம் வேற, அதனால பெரும்பாலும் நான் மட்டும்தான். சின்னவனுக்கு இப்போ ஒன்றரை வயசு.

வாங்குனது ரெண்டு சாமான். ஒண்ணு சின்னதா மடங்குற ஸ்ட்ரோலர், ஆறரை கிலோ, ஃப்ளைட்ல கேபினுக்குள்ள கொண்டு போகலாம்னு சொல்லி விக்கிறாங்களே அந்த ரகம். இன்னொண்ணு இடுப்பு பெல்ட்டும் தோள் பெல்ட்டும் வச்ச பேபி கேரியர். பிராண்ட் பேர் போடல, ஏன்னா இந்த ரக வண்டிங்க எல்லாமே அளவும் அமைப்பும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், எதப் பாத்து வாங்கணும்னு தெரிஞ்சா போதும்.

என் முடிவ முதல்லயே சொல்லிடுறேன். ரஷ் அவருக்கு கேரியர்தான். ஸ்ட்ரோலர் வேணாம்னு சொல்லல, எனக்கும் அது இல்லாம முடியாது, ஆனா கூட்ட நேரத்துல அது உருட்டுற சாமான் இல்ல, தூக்குற சாமான். இத மனசுல வச்சுட்டு கடைக்குப் போனா நீங்க பாக்குற விஷயமே மாறிடும். சீட் எவ்ளோ மெத்துனு இருக்கு, கப் ஹோல்டர் இருக்கா, கலர் என்ன, இதெல்லாம் பின்னாடி போயிடும். மடக்க எத்தன செகண்ட் ஆகுது, மடக்குனதுக்கு அப்புறம் தானா நிக்குதா, தோள்ல மாட்ட வார் இருக்கா, இந்த மூணும் முன்னாடி வந்துடும்.

மடிப்பப் பத்தியே கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா வண்டியே அதுதான். இந்த மடக்கு ஸ்ட்ரோலர கண்டுபிடிச்சவர் ஓவன் மெக்லாரன்னு ஒரு பிரிட்டிஷ் எஞ்சினியர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தோட சக்கரம் உள்ள மடங்குற அமைப்புல வேலை பாத்தவர். மகள் பேரக்குழந்தையோட ஊருக்கு வந்தப்போ கனமான வண்டிய வச்சுட்டு பட்ட கஷ்டத்தப் பாத்துட்டு, விமானத்துல தெரிஞ்ச மடிப்ப அலுமினியக் குழாய்ல செஞ்சு 1965ல பேட்டன்ட் போட்டாரு. அந்த முதல் வண்டி மூணு கிலோ கூட இல்ல. குடை மாதிரி சுருங்கிடும். பயணத்துல கஷ்டப்பட்ட ஒரு அம்மாவுக்காகப் பொறந்த சாமான் இது, ஆனா இப்போ கடையில அத விக்கிறப்போ மடிப்ப கடைசியிலதான் காட்டுறாங்க. எனக்குக் காட்டுனவரு ரெண்டு கையாலயும் மடக்கிக் காட்டுனாரு. நான் அப்பவே கேட்டிருக்கணும், ஒரு கையில குழந்தைய வச்சுட்டு மடக்குங்கன்னு.

முதல் வாரம் பட்ட பாடு அதுனாலதான். என் வண்டி ஒத்தக் கை மடிப்புன்னுதான் பெட்டியில போட்டிருந்துச்சு, அது உண்மைதான், ஆனா கைப்பிடியில இருக்குற பட்டன தள்ளி அமுக்கிக்கிட்டே வண்டிய முன்னாடி லேசா குத்தணும், அதுக்குத் தரை சமமா இருக்கணும், முன் சக்கரம் நேரா இருக்கணும், சீட்டுல துண்டோ பொம்மையோ எதுவும் இருக்கக் கூடாது. இதுல ஒண்ணு தப்புனாலும் பாதியில நின்னுடும். பஸ் வந்து நிக்குது, பின்னாடி எட்டு பேரு, பாதி மடிஞ்ச வண்டியோட நான். அப்போ ஒரு காலேஜ் பையன் வந்து "அக்கா நீங்க பாப்பாவ ஏத்துங்க, வண்டிய நான் எடுத்துட்டு வரேன்"னு சொல்லி ஏத்திவிட்டான். அந்த வாரம் ஞாயித்துக்கிழமை வீட்டு ஹால்ல நின்னு ஒரு நாப்பது தடவை மடக்கி விரிச்சுப் பழகுனேன், இடுப்புல பையன வச்சுட்டே. இப்போ ஆறு ஏழு செகண்ட்ல முடியுது. வாங்குனா இத கட்டாயம் பண்ணுங்க, பஸ் ஸ்டாப்ல பழகுற விஷயம் இல்ல இது.

இன்னொரு முக்கியமான விஷயம், மடக்குறப்போ மூத்த பிள்ளையோட கை எங்க இருக்குன்னு பாத்துக்கோங்க. ஸ்ட்ரோலரோட கீல்ல பிள்ளைங்க விரல் மாட்டி நுனியே துண்டாகி, 2009ல அமெரிக்காவுல சுமார் பத்து லட்சம் வண்டிகளுக்கு கீல மூடுற கவர் கொடுக்க வேண்டி வந்துச்சு. வாங்குறப்போ பக்கவாட்டுல குழாய் ரெண்டும் சேர்ற இடத்துல துணியோ பிளாஸ்டிக் மூடியோ இருக்கான்னு விரல விட்டுப் பாருங்க. எங்க வீட்ல ஒரு வழக்கம் வச்சுட்டோம், நான் "மடிப்பு"ன்னு சொன்னதும் மூத்தவ ரெண்டு கையையும் தலை மேல வச்சுக்குவா. அவளுக்கு அது விளையாட்டு, எனக்கு நிம்மதி.

சக்கரம். சின்ன வண்டின்னா சின்ன சக்கரம்தான், அதுவும் முன் சக்கரம் எல்லா பக்கமும் திரும்புற மாதிரி இருக்கும். பிளாட்ஃபார்முக்கும் ரயிலுக்கும் நடுவுல இருக்குற இடைவெளியில நேரா முன்னாடி தள்ளுனா அந்த முன் சக்கரம் குறுக்க திரும்பி உள்ள இறங்கிடும். எனக்கு ரெண்டாவது வாரம் ஆச்சு. பையன் உள்ள உக்காந்திருக்கான், சக்கரம் மாட்டிக்குச்சு, பின்னாடி இருந்தவங்க தள்ளுறாங்க, உசுரே போயிட்டு வந்துச்சு. ரெண்டு பேரு சேர்ந்து தூக்கி உள்ள வச்சாங்க. அன்னையிலேர்ந்து ரயில் ஏறுறப்போ பையன் வண்டியில இல்ல. கூட்டமே இல்லாத நேரத்துல மட்டும் வண்டிய திருப்பி வச்சு, நான் முதல்ல ஏறி, பின் சக்கரத்த முன்னாடி விட்டு இழுக்குறேன். அப்படி இழுத்தா திரும்பாத சக்கரம் முதல்ல தாண்டிடும், அப்புறம் முன் பக்கத்த கொஞ்சம் தூக்கிக்கலாம்.

பிரேக் பத்தி நான் அதிகமா பேசுறேன்னு என் வீட்டுக்காரர் சொல்வாரு, பரவால்ல, பேசுறேன். பல பிளாட்ஃபார்ம்ங்க பாக்க சமமா தெரியும், ஆனா மழைத் தண்ணி வடியணும்னு லேசா சரிவு வச்சிருப்பாங்க, சில இடத்துல அந்த சரிவு தண்டவாளம் பக்கமே இருக்கும். 2009 அக்டோபர்ல ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் பக்கத்துல ஆஷ்பர்ட்டன் ஸ்டேஷன்ல ஒரு தள்ளுவண்டி அம்மா கைய விட்ட ரெண்டு செகண்ட்ல தானா உருண்டு ரயில் முன்னாடி விழுந்துச்சு, கேமரால பதிவான அந்த வீடியோவ உலகமே பாத்துச்சு, குழந்தை பெல்ட் போட்டிருந்துச்சு, நெத்தியில அடியோட தப்பிச்சுது. அந்த வீடியோவ நான் முழுசா பாக்கல, பாக்க முடியல. ஆனா அதுலேர்ந்து எனக்கு மூணு பழக்கம் வந்துடுச்சு. நின்னா பிரேக். வண்டி தண்டவாளத்தப் பாத்து நிக்காம அதுக்கு இணையா நிக்கணும். கைப்பிடியிலேர்ந்து என் மணிக்கட்டுக்கு ஒரு வார். அந்த வார் சில வண்டியோடவே வரும், என்னுதுல இல்ல, தனியா வாங்கி மாட்டுனேன். பிரேக் கால்ல அமுக்குற மாதிரி இருக்கணும், ரெண்டு பின் சக்கரத்தையும் ஒரே அமுக்குல பூட்டணும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் இருக்குற மாடல் எனக்கு வேணாம்.

அப்புறம் கைப்பிடியில பை மாட்டாதீங்க. எல்லாரும் மாட்டுறோம், நானும் மாட்டிருக்கேன். குழந்தை உள்ள இருக்குற வரைக்கும் வண்டி நிக்கும், குழந்தைய தூக்குன அடுத்த செகண்ட் பை கனத்துல பின்னாடி மல்லாக்க விழும். குழந்தை உள்ள இருந்தாலும் பை கனமா இருந்தா அதே கதிதான்.

ரோட்டு ஓரமா நடக்குறப்போ எனக்கு இன்னொரு கவலை, உயரம். ஸ்ட்ரோலர்ல உக்காந்திருக்குற குழந்தையோட மூக்கு தரையிலேர்ந்து ஒரு மீட்டர் கூட இருக்காது, சிக்னல்ல நிக்குற வண்டிங்களோட புகைக் குழாய்க்கு கிட்டத்தட்ட நேரா வரும். இங்கிலாந்துல சர்ரே பல்கலைக்கழகத்துல இதப் பத்தி ஆராய்ச்சி பண்றாங்க, தள்ளுவண்டிக் குழந்தைங்க கூட வர்ற பெரியவங்கள விட 60 சதவீதம் வரைக்கும் அதிகமா மாசுக்காத்த சுவாசிக்கலாம்னு 2018ல சொன்னாங்க. இத படிச்சதுலேர்ந்து அந்த பத்து நிமிஷ நடைக்கு மெயின் ரோட்ட விட்டுட்டு உள் தெருவுல போறேன், மூணு நிமிஷம் கூட ஆகும், ஆகட்டும். ரோட்ட கிராஸ் பண்றப்போ வண்டிய விளிம்புல நிறுத்தாம ரெண்டு மூணு அடி பின்னாடி நிறுத்துறேன்.

வெயிலுக்கும் புகைக்கும் சேர்த்து துணிய மேல போட்டு மூடிடலாம்னு நினைக்காதீங்க, அது இன்னும் ஆபத்து. 2014ல ஸ்வீடன்ல ஒரு பத்திரிகை சோதிச்சுப் பாத்தாங்க, துணி போடாதப்போ 22 டிகிரி இருந்த தள்ளுவண்டிக்குள்ள, மெல்லிசு துணி போட்ட அரை மணி நேரத்துல 34 ஆயிடுச்சு, ஒரு மணி நேரத்துல 37. காத்து உள்ள போகாது, பிள்ளை முகமும் நமக்குத் தெரியாது. வண்டியோட வர்ற மேல் கூரைய முழுசா இழுத்து விட்டா போதும், அது பெருசா இருக்கான்னு பாத்து வாங்குங்க. என்னுதுல கூரை சின்னது, இந்த வண்டியில எனக்குப் பிடிக்காத முதல் விஷயம் அதுதான்.

லிஃப்ட் இருக்கே, எதுக்கு மடக்கணும்னு கேப்பீங்க. லிஃப்ட் இருக்கு, ஆனா எட்டரை மணிக்கு லிஃப்ட் வாசல்ல ஒரு கூட்டம் நிக்கும், லைன் மாறுற ஸ்டேஷன்ல ரெண்டு லிஃப்ட் மாறணும், வீல்சேர்ல வர்றவங்களும் கைத்தடியோட வர்றவங்களும் அதே லிஃப்ட்டுக்குத்தான் காத்திருக்காங்க, அவங்களுக்கு வேற வழி இல்ல, எனக்கு இருக்கு. எஸ்கலேட்டர்ல பிள்ளை உக்காந்த வண்டிய ஏத்தவே கூடாது, எவ்ளோ அவசரம்னாலும். மடக்கி தோள்ல மாட்டுனா எஸ்கலேட்டர்ல ஒரு கையில கைப்பிடி, ஒரு கையில பொண்ணு, நெஞ்சுல பையன். ஆறரை கிலோ தோள்ல தொங்குறது சுகமா இல்ல, உண்மைதான், வார் மெல்லிசா இருந்தா அறுக்கும், நான் அதுல ஒரு பஞ்சுப் பட்டை வச்சுத் தச்சுக்கிட்டேன்.

பஸ்லயும் இதே கதைதான். வீல்சேருக்குன்னு ஒதுக்குன இடம் காலியா இருந்தா ஸ்ட்ரோலர அங்க நிறுத்தத் தோணும். பிரிட்டன்ல இதே பிரச்சனை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, அந்த இடத்துல ஒரு அம்மா தூங்குற குழந்தையோட தள்ளுவண்டிய நிறுத்திட்டு நகர மாட்டேன்னு சொன்னதால வீல்சேர்காரர் பஸ் ஏற முடியாமப் போச்சு, டிரைவர் சும்மா ஒரு வார்த்தை கேட்டுட்டு விட்டுடக் கூடாது, அதுக்கு மேலயும் முயற்சி பண்ணணும்னு 2017ல தீர்ப்பு வந்துச்சு. எனக்கு அந்த அம்மா மேலயும் வருத்தம்தான், தூங்குற பிள்ளைய எழுப்பி வண்டிய மடக்குறது என்னன்னு எனக்குத் தெரியும். ஆனா வீல்சேர மடக்கி தோள்ல மாட்ட முடியாது, ஸ்ட்ரோலர மாட்டலாம். அதனால பஸ்ல நான் விரிக்கிறதே இல்ல.

இப்போ கேரியருக்கு வரேன். ரெண்டுல இதுக்குத்தான் நான் அதிக மார்க் கொடுப்பேன்.

குழந்தைய உடம்போட கட்டித் தூக்குறது உலகம் பூரா அம்மாங்க காலங்காலமா பண்றதுதான், பெல்ட் பக்கிள்லாம் அப்புறம் வந்தது. 1960கள்ல அமெரிக்காவுலேர்ந்து ஆப்பிரிக்காவுல டோகோ நாட்டுக்குப் போன ஆன் மூர்ங்கிற நர்ஸ், அங்க அம்மாங்க பிள்ளைய முதுகுல துணியில கட்டிக்கிட்டு வேலை பாக்குறதையும், அந்தப் பிள்ளைங்க அழாம அமைதியா இருக்குறதையும் பாத்துட்டு, ஊருக்குப் போனதும் தன் அம்மாவோட சேர்ந்து ஒரு கேரியர் தச்சாங்க, 1969ல அதுக்கு பேட்டன்ட் கிடைச்சுது. அங்க பிள்ளைங்க ஏன் அழலன்னு எனக்கு ரயில்லதான் புரிஞ்சுது. சுத்தி அம்பது பேரு முண்டிக்கிட்டு நிக்கிறாங்க, சத்தம், பிரேக் அடிக்கிற குலுக்கல், என் பையன் என் நெஞ்சுல காத வச்சுட்டு மூணாவது ஸ்டேஷன்ல தூங்கிடுவான். அதே பையன் ஸ்ட்ரோலர்ல இருந்தா முன்னாடி தெரியுறது எல்லாம் முட்டியும் பையும்தான், அஞ்சு நிமிஷத்துல அழுவான்.

ஆனா கட்டுற விதம் தெரியணும், இதுல அலட்சியம் கூடாது. இறுக்கமா இருக்கணும், குழந்தை முகம் எப்பவும் நம்ம கண்ணுக்குத் தெரியணும், குனிஞ்சா உச்சியில முத்தம் கொடுக்குற உயரத்துல இருக்கணும், தாடை நெஞ்சுல ஒட்டாம ரெண்டு விரல் இடைவெளி இருக்கணும், முதுகு வளைஞ்சு சரியாம தாங்கலா இருக்கணும். கைக்குழந்தை வச்சிருக்குறவங்க இத நூறு தடவை படிங்க. தோள்ல குறுக்கா மாட்டுற துணிப் பை மாதிரி கேரியர்ல குழந்தைங்க மூச்சு முட்டி இறந்து போயி, 2010 மார்ச்ல அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கையே விட்டாங்க, நாலு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைங்க விஷயத்துல ரொம்ப கவனமா இருக்கணும்னு. குறை மாசத்துல பொறந்த பிள்ளைன்னா டாக்டர்கிட்ட கேக்காம கேரியர்ல வைக்கவே வைக்காதீங்க.

உக்கார்ற விதமும் அப்படித்தான். கால் ரெண்டும் நேரா கீழ தொங்கக் கூடாது, தொடைக்கு அடியில முட்டி வரைக்கும் துணி தாங்கணும், முட்டி பிட்டத்த விட கொஞ்சம் மேல இருக்கணும், தவளை உக்கார்ற மாதிரி. இடுப்பு மூட்டு நல்லா வளரணும்னா இப்படித்தான் வைக்கணும்னு சர்வதேச இடுப்பு மூட்டு நிறுவனம் சொல்லுது. என் கேரியர்ல சீட்டோட அகலத்த கூட்டிக் குறைக்கலாம், பத்து மாசத்துல வச்ச அளவு பத்தாம பதினஞ்சு மாசத்துல கூட்டுனேன். அகலம் மாத்த முடியாத மாடல் வாங்காதீங்க, பிள்ளை வளர்ற வேகத்துக்கு நாலு மாசத்துல கால் தொங்க ஆரம்பிச்சுடும்.

எடை எப்படி தாங்குதுன்னு நிறைய பேரு கேக்குறாங்க. பையன் இப்போ பத்தரை கிலோ. இடுப்பு பெல்ட்ட இடுப்பு எலும்பு மேல உக்கார வச்சு முதல்ல அத இறுக்கிட்டு, அப்புறம் தோள் பெல்ட்ட இழுக்கணும், அப்போ பாரம் முக்காவாசி இடுப்புல போயிடும். நான் ரெண்டு மாசம் தப்பா போட்டேன், வயித்து மேல பெல்ட்ட கட்டிட்டு, தோள் வலிக்குதுன்னு கேரியர குறை சொல்லிட்டு இருந்தேன். லைன் மாறுற ஸ்டேஷன்ல ஒரு நாள் ஒரு பெரியம்மா பின்னாடி நின்னு பாத்துட்டு "கொஞ்சம் நில்லும்மா"ன்னு சொல்லி பெல்ட்ட ரெண்டு இஞ்ச் கீழ இறக்கிவிட்டாங்க. அவ்ளோதான், அன்னைக்கு சாயங்காலம் வலியே இல்ல.

குறை இல்லாம இல்ல. பின் கழுத்துக்குக் கீழ வர்ற பக்கிள நாமளே போட்டுக்குறது கஷ்டம், கை எட்டாது, கொஞ்சம் தளர்த்திட்டு போட்டுட்டு அப்புறம் இறுக்கணும். சூடு இன்னொரு பிரச்சனை. நம்ம உடம்பு சூடு, பிள்ளை உடம்பு சூடு, கேரியர் துணி, கூட்டத்தோட சூடு, எல்லாம் சேரும். கேரியர் துணியே ஒரு சட்டை மாதிரின்னு கணக்கு வச்சு பையனுக்கு ஒரு துணிய குறைச்சுதான் போட்டுவிடுறேன், அடிக்கடி பின் கழுத்துல கை வச்சு வேர்க்குதான்னு பாக்குறேன். வலை மாதிரி துணி வச்ச மாடல் கிடைச்சா அதையே எடுங்க. அப்புறம் தோள் பக்கிள் ஒண்ணு நாலாவது மாசமே பல் தேஞ்சு வழுக்க ஆரம்பிச்சுது, வாங்குன இடத்துல கேட்டா மூணு வாரம் இழுத்தடிச்சுட்டாங்க, அந்த மூணு வாரம் நான் பையன கையில தூக்கிட்டே போனேன். உதிரி பக்கிள் தனியா கிடைக்குமான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

முதுகுல கட்டுறது சுலபம், பாரமே தெரியாது, ஆனா கூட்ட நேரத்துல வேணவே வேணாம். யாரு பை இடிக்குது, யாரு முழங்கை படுது, கதவு மூடுறப்போ காலு எங்க இருக்கு, ஒண்ணுமே நமக்குத் தெரியாது. முன்னாடி கட்டுனா என் ரெண்டு கையும் அவனுக்கு வேலி.

கேரியரோட உண்மையான லாபம் மூத்தவளுக்குத்தான் போச்சு. எனக்கு ஒரு கை ஃப்ரீ ஆச்சு, அது முழுசா அவ கை. ஸ்ட்ரோலர தள்ளிட்டுப் போனப்போ அவள "வண்டிய பிடிச்சுக்கோ"ன்னு விட்டிருந்தேன், கூட்டத்துல அது பிடியே இல்ல. அவ உயரத்துல நின்னு பாருங்க, நான் ஒரு நாள் பிளாட்ஃபார்ம்ல முட்டி போட்டுப் பாத்தேன், முகத்துக்கு நேரா பெரியவங்க இடுப்பும் பையும் பை ஜிப்பும்தான், எங்க போறோம்னு அவளுக்குத் தெரியவே வாய்ப்பு இல்ல. பாவம், அவ்ளோ நாளும் அப்படித்தான் வந்திருக்கா. அதுக்கப்புறம் பெட்டிக்குள்ள ஏறுனதும் அவள ஓரமா சுவரு பக்கம் நிக்க வச்சு நான் முன்னாடி மறைச்சு நிக்கிறேன், மடக்குன ஸ்ட்ரோலர பக்கவாட்டுல நிறுத்திக்குறேன். தானா நிக்குற வண்டி வேணும்னு சொன்னது இதுக்குத்தான்.

மணிக்கட்டுல மாட்டுற வார் ஒண்ணும் வாங்கிப் பாத்தேன், ஒரு முனை அவ கையில, ஒரு முனை என் கையில. ரோட்ல, மார்க்கெட்ல ரொம்ப நல்லா இருக்கு. ரயில்ல வேணாம். நடுவுல ஆள் புகுந்தா இழுக்குது, அத விட பயம் கதவு, மெல்லிசான வார் கதவுல மாட்டுனா கதவு சென்சாருக்கு அது தெரியாமலே போகலாம். ஸ்டேஷன் வாசல்லயே கழட்டி பையில போட்டுடுறேன். ரயில்ல கைதான், அதுவும் விரல இல்ல, மணிக்கட்ட பிடிக்கணும், வேர்த்தாலும் வழுக்காது.

பிரிஞ்சுட்டா என்ன பண்ணணும்னு அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். அம்மா ரயில்ல, நீ பிளாட்ஃபார்ம்ல நின்னுட்டா, அங்கயே நில்லு, நகராத, அம்மா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி திரும்பி வருவேன். நீ ரயில்ல, அம்மா பிளாட்ஃபார்ம்லன்னா, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி யூனிஃபார்ம் போட்டவங்ககிட்டயோ குழந்தையோட இருக்குற ஒரு அம்மாகிட்டயோ போயி நில்லு. என் நம்பர் அவ சட்டைக்கு உள் பக்கம் துணியில எழுதித் தச்சிருக்கேன், பேர வெளிய தெரியுற மாதிரி எங்கயும் போடல. வாரத்துக்கு ஒரு தடவை கேட்டுப் பாப்பேன், கடகடன்னு ஒப்பிச்சுடுவா. தேவைப்படவே கூடாது.

எந்த சாமானும் பண்ணாத உதவிய ரெண்டு விஷயம் பண்ணுச்சு. ஒண்ணு, இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடி கிளம்புறது, அந்த இருபத்தஞ்சு நிமிஷத்துல கூட்டம் பாதியாகுது எங்க லைன்ல. இன்னொண்ணு பெட்டி. எஸ்கலேட்டரும் படியும் இறங்குற இடத்துக்கு நேரா வந்து நிக்குற பெட்டியிலதான் எல்லாரும் ஏறுவாங்க, பிளாட்ஃபார்ம் கடைசி வரைக்கும் நடந்தா மூச்சு விட இடம் இருக்கும். பிள்ளைங்களோட அந்த நூறு அடி நடக்குறதுதான் கஷ்டம்னு தோணும், நடந்துடுங்க.

அப்போ ஸ்ட்ரோலர் எதுக்குன்னு கேட்டா, அந்த கடைசி பத்து நிமிஷ நடைக்கு. காலையில பையன் அதுல உக்காந்து வருவான், சாயங்காலம் பெரும்பாலும் மூத்தவதான் உக்காருவா, ஸ்கூல் முடிஞ்சு கால் ஓஞ்சு போயிருக்கும். அஞ்சு வயசுப் பொண்ண வண்டியில வச்சு தள்றியான்னு கேக்குறவங்க இருக்காங்க, கேக்கட்டும், அவங்க அவ்ளோ தூரம் அந்த உயரத்துல நடந்து வரல. ஆனா இதுக்கு எடை அளவு பாத்து வாங்கணும். ஐரோப்பாவுல ஸ்ட்ரோலருக்குன்னு இருக்குற ஈஎன் 1888 தரத்துல ரெண்டு பகுதி இருக்கு, முதல் பகுதி 15 கிலோ வரைக்கும், ரெண்டாவது பகுதி அதுக்கு மேல 22 கிலோ வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு. லேபிள்ல எத்தன கிலோன்னு பாருங்க, மூத்த பிள்ளையும் உக்காரும்னா 22 போட்டதுதான் வேணும். என்னுது 22, அது தெரியாம வாங்குனேன், நல்லவேளை.

மார்க் கேட்டா, கேரியருக்கு அஞ்சுக்கு நாலரை, பக்கிளுக்காக அரை குறைச்சிருக்கேன். ஸ்ட்ரோலருக்கு மூணரை, கூரை சின்னது, தோள் வார் மெல்லிசு, மணிக்கட்டு வார் இல்ல. கை வாருக்கு ரோட்ல நாலு, ரயில்ல ஒண்ணு கூட இல்ல.

பையன் இப்போ கேரியர்ல உக்கார்றப்போ இறங்கணும்னு கால உதைக்க ஆரம்பிச்சுட்டான், அக்கா நடக்குறா, அவனும் நடக்கணுமாம். அடுத்த சனிக்கிழமை கூட்டம் இல்லாத மதிய நேரத்துல ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம் ரெண்டு பேரையும் நடக்க வச்சுக் கூட்டிட்டுப் போகப் போறேன், ரெண்டு மணிக்கட்டு, ரெண்டு கை. கேரியர் பையில இருக்கும்.